நெசவுசார் வினைப்பெயர்கள்: நிலைபேறும் மறைவும் (ஆரணி முள்ளிப்பட்டை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

பழந்தமிழ்ச் சமூகத்தில் வழங்கிய தொழில்வழிப் பெயர்களுள் சில இன்றுவரை நிலைத்துள்ளன, பல மறைந்துவிட்டன. இவ்வேறுபாட்டிற்குத் தொழிலின் அழிவு மட்டுமே காரணமன்று. ஒரு வினைப்பெயர் குடிப்பெயராக மாறியதா, அத்தொழிலின் கருவி வரிப்பட்டியலில் இடம்பெற்றதா என்னும் இரண்டும் அப்பெயரின் நிலைபேற்றைப் பெரிதும் தீர்மானித்தன என்பதை நெசவுத்தொழிற் சொற்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. பட்டு நெசவால் அறியப்படும் ஆரணி வட்டாரத்து முள்ளிப்பட்டு இவ்வாய்வின் தொடக்கப் புள்ளியாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: வினைப்பெயர், குடிப்பெயர், தறியிறை, காருகர், கைக்கோளர், பருத்திப் பெண்டு, தார், முள்ளிப்பட்டு.

முன்னுரை

தொழில் செய்வாரைக் குறிக்கும் பெயர்களை இன்று பொதுவழக்கில் ‘தொழிற்பெயர்’ என்று சுட்டுவது உண்டு. இலக்கணத்தில் அச்சொல் நடத்தல், உண்டல் முதலியவற்றைக் குறிக்கும் கலைச்சொல்லாதலின், இக்கட்டுரையில் அது தவிர்க்கப்படுகிறது. தொல்காப்பியப் பெயரியல் உயர்திணைப் பெயர்களை வகுக்குமிடத்துக் குடிப்பெயர், வினைப்பெயர் என்னும் இரண்டையும் வேறுவேறாகக் கூறுகிறது. செய்யும் வினையால் ஒருவர் பெறுவது வினைப்பெயர். பிறந்த குடியால் பெறுவது குடிப்பெயர். தமிழகத் தொழில்களின் வரலாற்றை இவ்விரு பெயர்களுக்கும் இடையே நிகழ்ந்த இடமாற்றத்தின் வரலாறு என்றும் கூறலாம்.

நெசவு இவ்வாய்விற்கு ஏற்ற களமாகும். சங்க இலக்கியம் முதல் இன்றுவரை இடையறாது நிகழ்ந்துவரும் தொழில் அது. ஒரு புடவை உருவாவதற்குள் பலர் கைப்படுவதால், ஒரே தொழிலுக்குள் பெயர் பெற்றவரையும் பெறாதவரையும் அருகருகே வைத்துக் காண இயலும்.

ஊர்ப்பெயரும் பட்டும்

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியை அடுத்துள்ள முள்ளிப்பட்டு, பட்டு நெசவோடு தொடர்புடைய ஊர். புதிதாகக் கேட்பவர் அவ்வூர்ப்பெயரின் ஈற்றிலுள்ள ‘பட்டு’ என்பதைப் பட்டாடையோடு இணைத்துப் பொருள்கொள்வது இயல்பு. ஆயினும் அது பொருந்தாது. செங்கல்பட்டு, பள்ளிப்பட்டு, முனுகப்பட்டு எனத் தொண்டைமண்டலப் பகுதியில் இவ்வீறு பரவலாகக் காணப்படுகிறது. இவ்வூர்களுக்கெல்லாம் பட்டு நெசவு பொதுவானதன்று. சிற்றூர் என்பதே ஈண்டுப் ‘பட்டு’ என்பதன் பொருள். முள்ளி என்பது நீர்முள்ளி முதலிய முட்செடிகளின் பெயர். எனவே முள்ளி மிகுந்த சிற்றூர் என்பதே ஊர்ப்பெயரின் நேர்ப்பொருளாகும்.

இவ்வீற்றைப் ‘பற்று’ என்னும் நிலப்பிரிவுப் பெயரின் திரிபாகக் கொள்வாரும் உளர். காற்று காத்து எனவும், நேற்று நேத்து எனவும் ஆதல்போல, இரட்டித்த றகரம் தமிழகப் பேச்சுவழக்கில் தகரமாதலே பெரும்பான்மை. ஆதலின் பட்டி, பாடி என்னும் குடியிருப்புப் பெயர்களோடு பட்டு என்பதை இணைத்துக் காண்பதே ஒலியியலுக்கு இயைபுடையது. ஆடையைக் குறிக்கும் பட்டு என்பதோ ‘பட்ட’ என்னும் வடசொல்லோடு தொடர்புபடுத்தப்படுவது. வேறுவேறு வழியில் வந்த இரு சொற்கள் ஓரொலியாய் நின்று, ஊரின் பிற்காலத் தொழிலால் ஒரு பொருள்போல் தோன்றுகின்றன.

இவ்வட்டாரத்தின் தொழில் வரலாறும் இம்மயக்கத்தைத் தெளிவிக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆரணி பெற்றிருந்த புகழ் பட்டால் வந்ததன்று. ‘ஆரணி மஸ்லின்’ எனப்பட்ட மெல்லிய பருத்தித் துணியால் வந்தது. அக்கால ஆங்கிலேயர் துணிவகை நூல்கள் அதனைக் குறிப்பிடுகின்றன. இன்று புவிசார் குறியீடு பெற்றுள்ள ஆரணிப் பட்டு அதற்குப் பிற்பட்ட புகழாகும். பெயரின் ஒலியை மட்டும் கொண்டு தொழில் வரலாறு எழுதுதல் தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும் என்பதற்கு முள்ளிப்பட்டே சான்று.

இலக்கியம் காட்டும் பெயர்கள்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழில்வினைஞரை நிரல்படக் கூறுகிறது. பட்டு, மயிர், பருத்தி நூல் ஆகியவற்றால் நெய்வோர் அங்குக் காருகர் எனப்படுகின்றனர். கைவினைஞர் என்னும் பொதுப்பொருளுடைய ‘காருக’ என்னும் வடசொல் தமிழில் நெய்வோர் என்னும் சிறப்புப்பொருளில் நின்றது. இன்று நெசவாளர் எவரும் தம்மைக் காருகர் என்று கூறிக்கொள்வதில்லை. தொழில் தொடர்ந்தும் பெயர் மறைந்ததற்கு இது தெளிவான சான்று.

அக்காதையிலேயே துணி தைப்போர் துன்னகாரர் எனப்படுகின்றனர். முதலாம் இராசராசன் காலத் தஞ்சைப் பெரியகோயில் பணியாளர் பட்டியலில் இத்தொழிலினன் ‘தையான்’ எனப்படுகிறான். பிற்காலத்தில் தையற்காரர் என்னும் சொல் நிலைபெற்றது; இக்காலப் பேச்சில் டெய்லர் என்பதே மிகுதி. ஒரு தொழிலுக்கு நான்கு பெயர்கள் அடுத்தடுத்து வழங்கியுள்ளன. தையல் எக்காலத்தும் அழியவில்லை. பெயர்களே ஒன்றையொன்று வெளியேற்றின.

துணியைக் குறிக்கும் பழஞ்சொற்களும் ஈண்டு நோக்கத்தக்கன. அறுவை என்பது அறு என்னும் வினையடியாகவும், துணி என்பது துணி (துண்டித்தல்) என்னும் வினையடியாகவும், துண்டு என்பது அதே பொருட்களத்திலும் பிறந்தவை. இவை நெய்தலைச் சுட்டாமல், நெய்து முடிந்தபின் தறியிலிருந்து அறுத்தெடுத்தலைச் சுட்டுகின்றன. அறுத்த பிறகே துணி விற்பனைப் பொருளாகிறது. சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் எனப்படுவதும் இதனோடு இயைகிறது. சந்தையை அடையும் நிலையிலேயே பொருளுக்குப் பெயர் வாய்க்கிறது. அதற்கு முந்தைய உழைப்பு அப்பெயரில் இடம்பெறுவதில்லை.

கல்வெட்டு காட்டும் பெயர்கள்

இடைக்காலக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் தொழில்கள் பெரும்பாலும் வரிவழியாகவே பதிவாயின. செக்கிறை, தறியிறை, குசக்காணம், வண்ணாரப்பாறை, தட்டாரப்பாட்டம், ஓடக்கூலி முதலிய வரிப்பெயர்கள் பரவலாக அறியப்பட்டவை. இப்பட்டியலில் இருவகை அமைப்பு உண்டு. செக்கு, தறி, பாறை, ஓடம் என்பன கருவியையோ இடத்தையோ அடிப்படையாகக் கொண்டவை. குசவர், தட்டார் என்பன வினைஞரை அடிப்படையாகக் கொண்டவை. எவ்வகையாயினும் எண்ணத்தக்கதும், ஓரிடத்தில் நிலையாக நிற்பதுமே வரிக்குரியதாயிற்று.

தறி இதற்கு முற்றும் பொருந்துவது. தறி என்னும் சொல்லுக்கு நடப்பட்ட மரம், முளை என்னும் பொருளும் உண்டு. கம்பன் வீட்டுக் கட்டுத்தறி பற்றிய பழமொழியில் வருவது கால்நடையைக் கட்டும் முளையே. நிலத்தில் ஊன்றிய மரங்களால் அமைந்தமையின் நெசவுக்கருவியும் தறியெனப்பட்டது. அதனை எளிதில் மறைக்கவோ இடம்பெயர்க்கவோ இயலாது. வீடுதோறும் எண்ணி வரி விதிக்கலாம். கைக்கோளத்தறி, சேணியத்தறி எனத் தறிகள் குடிவாரியாகப் பிரித்துக் கூறப்பட்டமையும் இதனாலேயே. வரித்தண்டலுக்குத் தறியின் எண்ணிக்கையும் உடையவரின் குடியும் தேவைப்பட்டன. இங்கு வினைப்பெயரும் குடிப்பெயரும் ஆவணத்தில் ஒன்றாக இணைகின்றன.

குடிப்பெயராகிய வினைப்பெயர்கள்

நெசவோடு தொடர்புடைய குடிப்பெயர்கள் பலவற்றின் சொற்பிறப்பு நெசவைச் சுட்டுவதில்லை. கைக்கோளர் என்னும் பெயருக்கு இருவகை விளக்கம் உண்டு. கையால் இயக்கும் கோல், அதாவது ஊடை நூலைச் செலுத்தும் கருவி என்பது ஒன்று. கைவலிமை உடையோர் என்பது மற்றொன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் கைக்கோளப் பெரும்படையும், ‘தெரிஞ்ச கைக்கோளர்’ எனப்பட்ட படைப்பிரிவுகளும் இடம்பெறுதல் பின்னைய விளக்கத்திற்கு வலுவூட்டுகிறது. செங்குந்தர் என்னும் பெயரும் செந்நிறக் குந்தத்தை, அதாவது ஈட்டியைச் சுட்டும் படைப்பெயரே. நெசவும் படைத்தொழிலும் ஒரு குடியினரிடத்தே இணைந்திருந்த காலத்தை இப்பெயர்கள் காக்கின்றன.

சேணியர் என்னும் பெயரைத் தொழிற்குழுவைக் குறிக்கும் ‘சிரேணி’ என்னும் வடசொல்லோடு இணைப்பர். மேற்கிந்தியாவின் இலாட நாட்டிலிருந்து தசபுரத்திற்குப் பெயர்ந்த பட்டு நெசவாளர் சிரேணி ஒன்று சூரியன் கோயில் எடுத்ததனையும், பின்னர் அதனைப் புதுப்பித்ததனையும் கி.பி. 473ஆம் ஆண்டைச் சார்ந்த மந்தசோர்க் கல்வெட்டு கூறுகிறது. ஆரணி உட்படத் தமிழகத்து நகரங்கள் பலவற்றில் வாழும் சௌராட்டிரர் பட்டுநூற்காரர் எனப்பட்டனர். இப்பெயர் அவர்கள் கையாண்ட பொருளால் அமைந்தது. மொழியாலோ தாயகத்தாலோ அமைந்ததன்று. இன்று அச்சமூகத்தினருள் பலர் வேறு தொழில்களில் உள்ளனர். பெயர் மட்டும் பழந்தொழிலைச் சொல்லி நிற்கிறது.

இவற்றால் பெறப்படுவது ஒன்று. வினைப்பெயர் குடிப்பெயராக மாறியபின், அப்பெயர் நிலைப்பதற்கு வினை தேவையில்லை. நெய்யாத கைக்கோளரும் கைக்கோளரே. விசயநகரக் காலத்தில் தண்டும் சங்கும் கொள்ளும் உரிமை கைக்கோளர்க்கு வழங்கப்பட்ட செய்தியைக் கல்வெட்டுகள் தருகின்றன. அவ்வுரிமை பெயரோடு பிணைந்தது. ஆதலின் பெயரைக் காப்பது உரிமையைக் காப்பதாயிற்று. குடிப்பெயராக மாறாத காருகர், துன்னகாரர் ஆகிய பெயர்களுக்கு இத்தகைய காப்பு வாய்க்கவில்லை.

நூற்கும் பெண்டிர்

நெசவின் முதல்வினை நூற்றலாகும். புறநானூறு நூற்கும் பெண்ணைப் ‘பருத்திப் பெண்டு’ என்கிறது. இரவில் விளக்கொளியில் அவள் பணிசெய்யும் காட்சியும் அந்நூலில் உண்டு. துணையற்ற மகளிர் நுண்ணிய நூல் நூற்றலை நற்றிணை காட்டுகிறது. கைம்பெண்டிர், உடற்குறையுடையோர், முதியோர் முதலியோரைக் கொண்டு நூல் நூற்பித்தல் நூலதிகாரியின் கடமை என்று கௌடலீயரின் அர்த்தசாத்திரம் விதிக்கிறது. பிற வாழ்வழி இல்லாத மகளிரின் தொழிலாக நூற்றல் இருந்தமையில் இருமொழிச் சான்றுகளும் ஒத்துள்ளன.

‘பருத்திப் பெண்டு’ என்பது பிற்காலத்தில் குடிப்பெயராகவோ வரிப்பெயராகவோ வளரவில்லை. இடைக்காலக் கல்வெட்டுகளில் ‘பஞ்சுப்பீலி’ போன்ற வரிப்பெயர்கள் காணப்படுகின்றனவே எனின், அவை பண்டத்தைச் சுட்டுவன. நூற்பாரைச் சுட்டுவன அல்ல. கதிரும் பஞ்சும் வீட்டின் மூலையில் அடங்குபவை. தறியைப்போல் எண்ணி வரி கொள்ளத்தக்கவை அல்ல. கணக்கில் இடம்பெறாத உழைப்பு பெயரிலும் இடம்பெறவில்லை.

இம்மறைவைத் தமிழ்மரபு வேறொரு வழியில் ஈடுசெய்துள்ளது. நூல், பனுவல் என்னும் சொற்கள் நூற்ற இழைக்கும் இயற்றிய நூலுக்கும் பொதுவாயின. பா என்பது செய்யுளையும் தறியில் நீளவாட்டில் விரியும் இழைகளையும் குறிக்கும். நன்னூற் பாயிரம் நூல் என்னும் பெயர்க்காரணத்தை விளக்குமிடத்துச் சொற்களைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் உருவகிக்கிறது. கல்விக்குரிய முதன்மைச் சொல்லே பெண்டிரின் வினையிலிருந்து விளக்கம் பெறுகிறது. வினைக்குக் கிடைத்த இப்பெருமை வினைசெய்தாரின் பெயருக்குக் கிடைக்கவில்லை.

ஆங்கிலத்தில் நிகழ்ந்தது இதனோடு ஒப்பிடத்தக்கது. நெய்வோரைக் குறித்த ‘வெப்ஸ்டர்’ குடும்பப்பெயராய் நிலைத்தது. நூற்பவளைக் குறித்த ‘ஸ்பின்ஸ்டர்’ மணமாகாத பெண்ணைக் குறிக்கும் சட்டச்சொல்லாகித் தொழிற்பொருளை இழந்தது. இரு மொழிகளிலும் நெய்தலின் பெயர் குடிவழியாகத் தொடர, நூற்றலின் பெயர் தொடரவில்லை.

பட்டு நெசவில் இவ்விடைவெளி மேலும் கூடுகிறது. பதிற்றுப்பத்து பட்டினை ‘நூலாக் கலிங்கம்’ என்கிறது. நூற்கப்படாத ஆடை என்பது பொருள். பட்டிழை கூட்டிலிருந்து இழுத்து எடுக்கப்படுவது, பஞ்சிலிருந்து நூற்கப்படுவதன்று. மென்பருத்தித் துணியால் பெயர்பெற்ற ஆரணி வட்டாரம் பட்டுக்கு மாறியபோது, ஆலைநூலின் வரவால் முன்னரே நலிந்திருந்த கைந்நூற்பு, உள்ளூர் நெசவுக்குத் தேவையற்றதாயிற்று.

தறியடிப் பெயர்கள்

பட்டுத் தறியைச் சூழ்ந்துள்ள பணிகளை நிரல்படுத்தினால் பெயரின் ஏற்றத்தாழ்வு புலப்படும். இழைக்கு முறுக்கேற்றல், சாயமிடுதல், பாவு ஓட்டுதல், கஞ்சியிட்டு உலர்த்துதல், அச்சு பிணைத்தல், தார் சுற்றுதல், நெய்தல், கோர்வை போடுதல் என்பன அவற்றுள் முதன்மையானவை.

பாவினைத் தெருவில் நீள விரித்து, கஞ்சியிட்டு, பாவாற்றி என்னும் தூரிகையால் நீவி உலர்த்துவர். பாவு விரிக்கும் வெளியிடம் சேலம் போன்ற நெசவூர்களில் பாவடி எனப்படும். பாவு விரிக்கப்படாத இடத்திலும் தெருப்பெயராய் அச்சொல் நிற்பதுண்டு. பழைய பாவின் நுனியோடு புதிய பாவை இழை இழையாகத் திரித்து இணைப்பது அச்சு பிணைத்தல். முற்காலத்தில் நாணல், மூங்கில் ஆகியவற்றால் அச்சு செய்வோர் தனித்தொழிலினராய் இருந்தனர். அவர்க்கு அச்சுக்கட்டி என்னும் பெயர் வழங்கியது. எஃகு அச்சு வந்தபின் அப்பெயர் வழக்கிழந்தது.

இப்பெயர்களின் சொல்லமைப்பு ஓர் ஒழுங்கை உணர்த்துகிறது. சாயக்காரர், தறிக்காரர் எனக் ‘காரர்’ ஈறு பெற்றன, கருவியோ பட்டறையோ உடைய தனித்தொழிலைச் சுட்டுகின்றன. ‘ஆள்’ ஈறு பெற்றன கூலிக்கு அமர்ந்தவரைச் சுட்டுகின்றன. வீட்டினுள் ராட்டையில் தார் சுற்றும் பெண்டிர்க்கும் முதியோர்க்கும் இவ்விரண்டும் அமைவதில்லை. ‘தார் சுற்றுகிறார்’ என்று வினைமுற்றால் கூறுவரேயன்றிப் பெயராக்கி வழங்குதல் அரிது. வினை உண்டு, வினைப்பெயர் இல்லை. தார் இன்றி நாடா ஓடாது என்பதை எண்ணின், பெயரின்மைக்குக் காரணம் பணியின் சிறுமை அன்று, அதற்குத் தனிக்கூலி வழங்காமையே என்பது விளங்கும்.

கோர்வை என்பது கரையின் பாவும் உடலின் பாவும் வேறுவேறு நிறத்தனவாக இருக்கும்போது ஊடை இழைகளை ஒன்றோடொன்று கோத்து இணைக்கும் முறை. இதற்கு நெய்வோரோடு மற்றொருவர் உடனமர்ந்து கரை நாடாவைச் செலுத்த வேண்டும். நெடுங்காலம் இவ்விடத்தில் சிறுவர் அமர்த்தப்பட்டனர். கையால் இழை தூக்கி அடை கட்டிப் பூவேலை செய்த முறைக்கும் துணையாள் தேவைப்பட்டார். பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டுத் தறிகளிலும் இழை இழுக்கும் துணையாளர் இருந்தனர். 1804இல் ஜக்கார்டு அமைத்த கருவி அப்பணியைத் துளையிட்ட அட்டைகளுக்கு மாற்றியது. தமிழகத்திற்கு அக்கருவி வந்தபோது அடை கட்டுவோர் குறைந்தனர். அட்டை அடிப்போர் என்னும் புதிய தொழிலினர் தோன்றினர். மின்னணு ஜக்கார்டின் வரவால் அவர் பெயரும் இன்று மறைவை நோக்கிச் செல்கிறது.

மறைவை மதிப்பிடுதல்

மறைந்த பெயர்கள் அனைத்தையும் இழப்பெனக் கொள்ளல் பொருந்தாது. கோர்வைக்கு அமர்ந்த சிறுவர் முன்பணக் கடனுக்காகப் பள்ளியை இழந்த நிலையும் இருந்தது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பள்ளிக்கல்விப் பரவலும் அவ்வழக்கத்தைக் குறைத்தன. அத்தொழில் மறைந்தது நன்று. எனினும் அப்பெயர் அகராதியில் இடம்பெற வேண்டும். இல்லையெனின் பழம்பட்டின் அழகை மட்டும் அறிந்து, அதற்குக் கொடுத்த விலையை அறியாத வரலாறே எஞ்சும்.

பெயரின் வரையறை இன்றும் பயன்விளைவுடையது. 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நெசவாளர் ஏறத்தாழ 26.73 இலட்சம், துணைத்தொழிலாளர் ஏறத்தாழ 8.48 இலட்சம் என இருவகையாகப் பிரித்துக் கூறுகிறது. பாவு ஓட்டுவோர், அச்சு பிணைப்போர், தார் சுற்றுவோர் முதலியோர் ‘துணை’ என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்குகின்றனர். தறியிறை தறியை மட்டும் எண்ணியது. இக்கணக்கெடுப்பு துணையையும் எண்ணுகிறது. இது வளர்ச்சியே. ஆயினும் எண்ணப்பட்டோர் தத்தம் வினையால் பெயர் பெறும் நிலை இன்னும் முழுமையாக அமையவில்லை.

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, பாவாற்றி போன்ற கருவிப்பெயர்கள் சிலவற்றைக் காத்துள்ளது. அதன் பின்னர்த் தறியடியில் தோன்றிய அட்டை அடித்தல் போன்ற சொற்கள் முறையாகத் தொகுக்கப்பட வேண்டியவை. அவ்வாறு தொகுக்கும்போது நெய்வோரிடம் மட்டும் வினவுதல் போதாது. தார் சுற்றும் பெண்டிரிடமும், பாவு ஓட்டுவோரிடமும், அச்சு பிணைப்போரிடமும் தனித்தனியே வினவி, சொல், பொருள், பணியின் படிநிலை, கூலிமுறை ஆகிய நான்கையும் சேர்த்துப் பதிதல் வேண்டும்.

முடிவுரை

நெசவுசார் பெயர்களை ஒப்புநோக்கியதால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. தொழில் நிலைத்தும் பெயர் மறைதல் உண்டு. காருகர், துன்னகாரர் ஆகியன இதற்குச் சான்று. தொழில் நீங்கியும் பெயர் நிலைத்தல் உண்டு. குடிப்பெயர்களும் பாவடி போன்ற இடப்பெயர்களும் சான்று. நிலைத்த பெயர்கள் பெரும்பாலும் வரி, குடியுரிமை, சந்தை என்னும் மூன்றனுள் ஒன்றோடு பிணைந்தவை. இம்மூன்றுக்கும் புறம்பாக வீட்டினுள் நிகழ்ந்த உழைப்பு, குறிப்பாகப் பெண்டிர், சிறுவர், முதியோர் ஆகியோரின் உழைப்பு, வினையாக மட்டும் வழங்கிப் பெயராகாமல் நின்றது.

முள்ளிப்பட்டு என்னும் பெயரிலுள்ள ‘பட்டு’ பட்டாடையைக் குறிக்காது. ஆயினும் அவ்வட்டாரத்துப் பட்டாடையில் நெய்வோரின் கையோடு, தார் சுற்றியவர், பாவு ஓட்டியவர், அச்சு பிணைத்தவர் ஆகியோரின் கைகளும் உள்ளன. அவ்வினைகளுக்கு உரியவர் தம் வாயால் வழங்கும் சொற்கள் இப்போதும் கேட்கத்தக்கன. அவற்றைப் பதிந்துவைத்தல் சொல்லாய்வாளரின் உடனடிக் கடமையாகும்.